காத்திருந்து நேரம் முடிந்தது: விண்டோஸில் லினக்ஸ் இயந்திரங்கள் தானாக எழாமல் போவது ஏன்?

விண்டோஸ் மடிக்கணினிக்குள் லினக்ஸ் இயந்திரம் ஒன்றை உருவாக்கிக்கொள்ள இன்று ஒரு வரிக் கட்டளை போதும். வேக்ரன்ட் கருவியில் அந்தக் கட்டளைக்குப் பெயர் 'வேக்ரன்ட் அப்'. படிமம் இறங்குகிறது, மெய்நிகர் இயந்திரம் பதிவாகிறது, நெட்வொர்க் அட்டைகள் பொருத்தப்படுகின்றன, இயந்திரம் கிளம்புகிறது. பிறகு திரையில் மூன்று வரிகள்: எஸ்எஸ்எச் முகவரி 127.0.0.1:2222, பயனர் பெயர் வேக்ரன்ட், உள்நுழையும் வழி தனிச்சாவி. எல்லாம் ஒழுங்காக இருந்தால் கொஞ்ச நேரத்தில் அடுத்த வரி வந்துவிடும். இல்லாவிட்டால் கருவி 300 விநாடி பொறுத்துப் பார்க்கும். அப்புறம், இயந்திரம் எழுந்து வருமென்று காத்திருந்ததில் நேரம் முடிந்துவிட்டது என்று ஒரு சிவப்புப் பத்தியை எழுதிவிட்டு நின்றுகொள்ளும்.

அந்தப் பத்திக்குப் பின்னால் பயாஸில் அணைந்து கிடக்கும் ஒரு வசதி இருக்கலாம். விண்டோஸ் தன் பாதுகாப்புக்காக ஓட்டும் ஹைப்பர்வைசர் இருக்கலாம். லினக்ஸ் கர்னல் இல்லாத சீரியல் போர்ட்டைத் தேடிக்கொண்டிருக்கலாம். சாவியின் கையெழுத்து முறை பழையதாகி இருக்கலாம். காரணம் எதுவானாலும் வரும் செய்தி ஒன்றேதான். கருவி தன் கண்ணில் கடைசியாகப் பட்டதைச் சொல்கிறது. கோளாறு அதற்கு மூன்று நான்கு படி முன்பே நடந்து முடிந்திருக்கும். இந்தச் சிக்கலைத் தீர்க்க முழு நாளையும் தொலைப்பவர்கள் பெரும்பாலும் செய்தி சொல்லும் இடத்திலேயே தேடிக்கொண்டிருப்பவர்கள்.

கருவிகள் வந்த வழி

மிட்செல் ஹஷிமோட்டோ வேக்ரன்ட்டை முதலில் வெளியிட்டது 2010இல். அவரும் ஆர்மன் தாட்கரும் சேர்ந்து 2012இல் ஹாஷிகார்ப் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். வேக்ரன்ட்ஃபைல் என்ற ஒரே உரைக்கோப்பில் எந்த லினக்ஸ், எவ்வளவு ரேம், என்னென்ன மென்பொருள் என்று எழுதி வைத்துவிட்டால், குழுவில் இருக்கும் எல்லோருக்கும் அச்சு அசலாக ஒரே இயந்திரம் கிடைக்கும். 'என் கணினியில் ஓடுகிறதே' என்ற பழைய சச்சரவுக்கு முடிவு கட்டுவதுதான் நோக்கம். 2013இல் அதே நிறுவனத்திலிருந்து பேக்கர் வந்தது. அது இயந்திரங்களுக்கு அடிப்படையான படிமங்களையே தானாகத் தயாரிப்பது. மேகக் கணினிகளுக்காக உபுண்டு உலகில் பிறந்த கிளவுட்-இனிட், இயந்திரம் முதன்முறை எழும்போது பயனர், சாவி, மென்பொருள் ஆகியவற்றை அமைத்துத் தருகிறது.

இவற்றில் எதுவும் தனியாக ஓர் இயந்திரத்தை ஓட்டிவிடாது. வேக்ரன்ட் பெரும்பாலும் வர்ச்சுவல்பாக்ஸின் 'விபாக்ஸ்மேனேஜ்' என்ற கட்டளைக் கருவியைக் கூப்பிட்டுத்தான் வேலை வாங்குகிறது. வர்ச்சுவல்பாக்ஸ் ஜெர்மனியின் இன்னோடெக் நிறுவனத்தில் பிறந்தது. 2008இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அதை வாங்கியது. 2010இல் சன்னையே ஆரக்கிள் வாங்கியது. ஹாஷிகார்ப் 2025இல் ஐபிஎம் வசம் போய்ச் சேர்ந்தது. அடியில் இருக்கும் விண்டோஸ் மைக்ரோசாஃப்டுடையது. உள்ளே ஓடும் லினக்ஸை ஒருவர் வெளியிடுகிறார்; அதைப் படிமமாகக் கட்டித் தருபவர் இன்னொருவர்.

இப்படி ஐந்து தரப்பு சேர்ந்தால்தான் ஒரு கட்டளை நிறைவேறும். ஒருவர் பதிப்பை மாற்றினால் மற்றவர் காத்திருக்க மாட்டார். 2022 அக்டோபரில் வர்ச்சுவல்பாக்ஸ் 7.0 வந்தபோது அதுவரை வெளியாகியிருந்த வேக்ரன்ட் பதிப்புகளுக்கு அதைத் தெரியவில்லை. ஆதரவில்லாத பதிப்பு என்று மறுத்துவிட்டன. 2024 செப்டம்பரில் 7.1 வந்தபோதும் அதே கதை. புதியதை உடனே நிறுவிய ஆர்வலர்கள்தான் முதலில் மாட்டிக்கொண்டார்கள்.

பிராசசர் யார் கையில்?

இன்டெல் 2005இல் விடி-எக்ஸ் வசதியையும், ஏஎம்டி அடுத்த ஆண்டு ஏஎம்டி-வி வசதியையும் பிராசசருக்குள்ளேயே கொண்டுவந்தன. மெய்நிகர் இயந்திரங்கள் வேகமாக ஓடுவது இவற்றால்தான். ஆனால் பல கணினிகளில் இந்த வசதி பயாஸில் அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். விண்டோஸ் டாஸ்க் மேனேஜரின் செயல்திறன் பக்கத்தில், பிராசசர் வரைபடத்துக்குக் கீழே, மெய்நிகராக்கம் இயங்குகிறதா இல்லையா என்று ஒரு வரி உண்டு. அங்கே 'இல்லை' என்றிருந்தால் வேறு எதையும் தோண்ட வேண்டாம். கணினியை மறுதொடக்கம் செய்து பயாஸுக்குள் போக வேண்டியதுதான்.

அந்த வரி 'இயங்குகிறது' என்று சொல்லியும் வேலை நடக்காத கணினிகள்தான் ஆட்களைக் குழப்புகின்றன. அதற்குக் காரணம் ஹைப்பர்-வி. விண்டோஸ் சர்வர் 2008உடன் அறிமுகமான இந்த ஹைப்பர்வைசர், 2012இல் விண்டோஸ் 8 வழியாகச் சாதாரணக் கணினிகளுக்கும் வந்தது. இது விண்டோஸின் மேல் ஓடும் நிரலல்ல. வன்பொருளுக்கும் விண்டோஸுக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்வது. அது இயங்கத் தொடங்கியதும், வீட்டுக்காரரே தன் வீட்டில் வாடகைக்குக் குடியிருப்பதைப் போல, விண்டோஸும் ஒரு விருந்தினர் இயந்திரமாகிவிடுகிறது. விடி-எக்ஸ் முழுக்க ஹைப்பர்-வியின் கையில். வர்ச்சுவல்பாக்ஸ் கேட்டால் கிடைக்காது.

பழைய வர்ச்சுவல்பாக்ஸ் இந்த இடத்தில் நேராகவே மறுத்துவிடும். 2018இல் மைக்ரோசாஃப்ட், பிற நிறுவனக் கருவிகளும் தன் ஹைப்பர்வைசரின் மேல் ஓட ஒரு பாதையைத் திறந்தது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த வர்ச்சுவல்பாக்ஸ் 6.0 அந்தப் பாதையைப் பயன்படுத்தத் தொடங்கியது. விஎம்வேர் வொர்க்ஸ்டேஷனும் 2020இல் அதே வழிக்கு வந்தது. இதனால் மறுப்பு மறைந்தது; பதிலுக்கு மந்தம் வந்தது. வர்ச்சுவல்பாக்ஸ் ஜன்னலின் கீழ் வலது மூலையில் பச்சை நிற ஆமை ஒன்று தெரிந்தால், இயந்திரம் இந்தச் சுற்றுப்பாதையில் ஓடுகிறது என்று பொருள். லினக்ஸ் எழுவதற்கே நேரமாகும். சில சமயம் கர்னல், ஒரு சிபியு இருபத்திரண்டு விநாடியாக அசையவில்லை என்று புலம்பும். அதற்குள் வேக்ரன்ட்டின் 300 விநாடி தீர்ந்துவிடும்.

'நான் ஹைப்பர்-வியை நிறுவவே இல்லையே' என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதும் உண்மைதான். விண்டோஸ் வசதிகளின் பட்டியலில் ஹைப்பர்-விக்கு எதிரே டிக் இல்லாவிட்டாலும், நினைவக ஒருமைப்பாடு என்ற பாதுகாப்பு ஏற்பாடு அதே ஹைப்பர்வைசரைத்தான் எழுப்புகிறது. விண்டோஸ் 11 உடன் வரும் பல புதிய கணினிகளில் அது தொடக்கத்திலேயே இயங்கிக்கொண்டிருக்கிறது. விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2க்கும் அந்த ஹைப்பர்வைசர் தேவை; அதன்மேல் ஓடும் டாக்கர் டெஸ்க்டாப்புக்கும் தேவை. கட்டளைத் திரையில் 'சிஸ்டம்இன்ஃபோ' என்று தட்டினால், கடைசி வரியில் ஒரு ஹைப்பர்வைசர் கண்டறியப்பட்டது என்று வந்தால் சந்தேகம் தீர்ந்தது. வர்ச்சுவல்பாக்ஸின் லாக் கோப்பும், விடி-எக்ஸ் கிடைக்காததால் மாற்று வழிக்குப் போகிறேன் என்று ஒரு வரி எழுதி வைத்திருக்கும்.

ஹைப்பர்வைசரை அணைக்க நிர்வாகி உரிமையுடன் 'பிசிடிஎடிட்' கட்டளையைப் பயன்படுத்தலாம். அணைத்தால் வர்ச்சுவல்பாக்ஸ் பறக்கும். டபிள்யூஎஸ்எல் 2 நிற்கும், பாதுகாப்பும் ஒரு படி இறங்கும். நிறுவனக் கணினிகளில் அந்தப் பாதுகாப்பு ஃபர்ம்வேர் அளவிலேயே பூட்டப்பட்டிருந்தால் கட்டளை பலிக்காது. எனவே இந்த இடத்தில் வேண்டியது ஒரு தேர்வு: ஹைப்பர்வைசரை விலக்கிவிட்டு வர்ச்சுவல்பாக்ஸா, அல்லது ஹைப்பர்-வியையே ஏற்றுக்கொள்வதா?

ஹைப்பர்-வி பக்கம் போனால்

ஏற்றுக்கொண்டாலும் பாதை சமமாக இல்லை. முதல் முட்டுக்கட்டை செக்யூர் பூட். ஹைப்பர்-வியில் இரண்டாம் தலைமுறை இயந்திரம் ஒன்றை உருவாக்கினால், அது விண்டோஸ் கையொப்பங்களை மட்டும் ஏற்கும் வார்ப்புருவுடன் பிறக்கிறது. உபுண்டுவின் பூட்லோடர் கையொப்பமிடப்பட்டதுதான்; ஆனால் அந்தக் கையொப்பம் மைக்ரோசாஃப்டின் வேறொரு சான்றிதழின்கீழ் வருகிறது. வார்ப்புருவை 'மைக்ரோசாஃப்ட் யுஇஎஃப்ஐ சான்றிதழ் ஆணையம்' என்று மாற்றும்வரை வட்டில் எல்லாம் சரியாக இருந்தும் இயந்திரம் எழாது. கையால் உருவாக்குபவர் அமைப்புப் பக்கத்தில் இந்தப் பெட்டியைப் பார்த்துவிடுவார். பவர்ஷெல் ஸ்கிரிப்டால் உருவாக்குபவர் அதைப் பார்க்கும் வாய்ப்பே இல்லை. ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்தால்தான் உண்டு.

இரண்டாவது, முகவரி. விண்டோஸ் 10இன் 2017 இலையுதிர்காலப் பதிப்பில் வந்த 'டிஃபால்ட் ஸ்விட்ச்' வசதியானது. ஆனால் கணினியை மறுதொடக்கம் செய்தால் அதன் ஐபி வரம்பு மாறக்கூடும். நிலையான முகவரியை நம்பி எழுதிய ஸ்கிரிப்டுகள் மறுநாள் காலையில் விழும். வேக்ரன்ட்டும் ஹைப்பர்-வியில் நெட்வொர்க்கை உருவாக்கித் தருவதில்லை. வேக்ரன்ட்ஃபைலில் எழுதிய ஐபி அமைப்பைக் கண்டுகொள்ளாமல் போய்விடும்.

மூன்றாவது மிக நுட்பமானது. புதிதாக எழுந்த இயந்திரத்தின் ஐபி என்ன என்பதை வெளியே இருக்கும் பேக்கருக்குச் சொல்ல, உள்ளே இருக்கும் லினக்ஸில் ஹைப்பர்-விக்கான டீமன்கள் ஓட வேண்டும். உபுண்டுவில் அவை தனித் தொகுப்பாக வருகின்றன. நிறுவல் பட்டியலில் அந்தத் தொகுப்பைச் சேர்க்க மறந்தால் லினக்ஸ் நலமாக ஓடும், எஸ்எஸ்எச் சேவை காத்திருக்கும், பேக்கரும் காத்திருக்கும். ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாது.

விண்டோஸ் ஹோம் பதிப்பில் ஹைப்பர்-வி மேனேஜர் கிடையாது என்பதும், வேக்ரன்ட் இந்த வழியில் ஓட நிர்வாகி உரிமை கேட்கும் என்பதும் சின்ன விஷயங்கள்போலத் தெரியும். பூட்டப்பட்ட அலுவலகக் கணினிகளில் வேலை நிற்பது பெரும்பாலும் இவற்றில்தான்.

எஸ்எஸ்எச் தரும் மூன்று பதில்கள்

வேக்ரன்ட் காத்திருக்கும்போது திரையில் மஞ்சள் எழுத்தில் சில எச்சரிக்கைகள் வந்துகொண்டிருக்கும். பலர் அவற்றைப் படிப்பதில்லை. படித்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

'இணைப்பு முறிக்கப்பட்டது' என்று வந்தால் பதற வேண்டியதில்லை. வர்ச்சுவல்பாக்ஸின் நேட் அமைப்பில் விருந்தினர் இயந்திரத்துக்கு 10.0.2.15 என்ற முகவரி. அதன் 22ஆம் போர்ட்டை ஹோஸ்டின் 2222ஆம் போர்ட்டில் வாங்கிக்கொள்வது வர்ச்சுவல்பாக்ஸே. உள்ளே லினக்ஸ் இன்னும் எழாதபோதும் வெளியே கதவு திறந்திருக்கும். இணைப்பை ஏற்றுக்கொண்டு, உள்ளே ஆளில்லை என்று முறித்துவிடும். ஆரம்பத்தில் இது நாலைந்து முறை வருவது இயல்பு. கடைசிவரை இதுவே வந்துகொண்டிருந்தால் லினக்ஸ் எழவில்லை, அல்லது எழுந்தும் நெட்வொர்க் அமையவில்லை.

'அடையாளச் சரிபார்ப்பு தோல்வி' என்று வந்தால் நல்ல செய்தி. பிராசசர், கர்னல், நெட்வொர்க், எஸ்எஸ்எச் சேவை நான்கும் சரி. சாவி மட்டும் பொருந்தவில்லை. இதற்குச் சில பெயர்பெற்ற காரணங்கள் உண்டு. 2021 செப்டம்பரில் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 8.8, பழைய ஷா-1 முறையிலான ஆர்எஸ்ஏ கையெழுத்தை ஏற்பதை நிறுத்தியது. உபுண்டு 22.04 அதற்குப் பிந்தைய பதிப்புடன் வந்ததால், பழைய வேக்ரன்ட் வைத்திருந்தவர்களால் அதற்குள் நுழைய முடியவில்லை. அதற்கும் முன்னால், உபுண்டு 16.04இன் அதிகாரபூர்வப் படிமம் ஆரம்பத்தில் 'வேக்ரன்ட்' என்ற வழக்கமான பயனருக்குப் பதில் 'உபுண்டு' என்ற பயனருடன் வந்து பலரது ஸ்கிரிப்டுகளைக் கவிழ்த்தது. விண்டோஸ் தரப்பில் உள்ள காரணம் சாவிக் கோப்பின் அனுமதி. அந்தக் கோப்பை வேறு பயனர்களும் படிக்க முடிந்தால் எஸ்எஸ்எச் அதைப் பயன்படுத்த மறுக்கும். லினக்ஸில் ஒரு 'சிஹெச்மாட்' போதும், விண்டோஸில் 'ஐகேக்ல்ஸ்' கட்டளையால் மரபுரிமையாக வந்த அனுமதிகளை நீக்க வேண்டும்.

மூன்றாவது, போர்ட்டைத் திறக்கவே முடியவில்லை என்ற பதில். 2222 ஏற்கெனவே பயன்பாட்டில் இருந்தால் வேக்ரன்ட்டே 2200 முதல் 2250 வரையில் வேறொன்றைத் தேடிக்கொள்ளும். ஆனால் விண்டோஸில் ஹைப்பர்-வி தொடர்பான சேவைகள் போர்ட்டுகளைக் கொத்துக் கொத்தாக ஒதுக்கி வைத்துக்கொள்வதுண்டு. 'நெட்ஸ்டாட்' பட்டியலில் அந்தப் போர்ட்டை யாரும் பிடித்திருப்பதாகத் தெரியாது. திறக்கப் போனால் அனுமதியில்லை என்று வரும். 'நெட்எஸ்எச்' கட்டளையில் விலக்கப்பட்ட போர்ட் வரம்புகளைக் கேட்டால் உண்மை வெளிவரும்.

சீரியல் போர்ட் விவகாரத்தையும் இங்கே சொல்ல வேண்டும். உபுண்டுவின் மேகப் படிமங்கள் தம் எழுச்சிச் செய்திகளைச் சீரியல் போர்ட்டில் எழுதும்படி அமைக்கப்பட்டவை. வர்ச்சுவல்பாக்ஸ் இயந்திரத்தில் அந்தப் போர்ட்டை யாராவது 'தேவையில்லை' என்று நீக்கினால் எழுச்சி இழுத்துக்கொண்டே போகும். திட்டக் கோப்புறையில் கன்சோல் லாக் என்று ஒரு கோப்பு உருவாவது எரிச்சலாக இருக்கிறதென்று போர்ட்டை அணைத்தவர்கள் இதில் சிக்கினார்கள். போர்ட்டை விட்டுவைத்து, அதன் வெளியீட்டை வெற்றுக் கோப்புக்குத் திருப்புவதே பின்னர் வழக்கமான தீர்வாயிற்று.

கோப்புக்குள் ஒளிந்திருக்கும் கோளாறு

இயந்திரம் எழுந்து எஸ்எஸ்எச்சும் கிடைத்த பிறகு வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை, விண்டோஸும் லினக்ஸும் கோப்பு என்பதைப் பார்க்கும் விதத்தில் உள்ள வேறுபாட்டிலிருந்து வருகின்றன.

வரி முடிவை எடுத்துக்கொள்ளலாம். விண்டோஸ் ஒவ்வொரு வரியின் இறுதியிலும் இரண்டு குறியீடுகளை வைக்கிறது; லினக்ஸ் ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறது. விண்டோஸுக்கான கிட் நிறுவியில் முன்கூட்டியே தேர்வாகியிருக்கும் அமைப்பு, களஞ்சியத்திலிருந்து கோப்புகளை எடுக்கும்போது அவற்றை விண்டோஸ் வடிவத்துக்கு மாற்றிவிடும். அப்படி மாறிய ஷெல் ஸ்கிரிப்ட் லினக்ஸில் ஓடும்போது, முதல் வரியில் இருக்கும் பாஷின் பெயரோடு கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியீடு ஒட்டிக்கொள்கிறது. விளைவு: கண்முன்னே இருக்கும் கோப்பை 'அப்படியொரு கோப்பு இல்லை' என்கிறது லினக்ஸ். வேக்ரன்ட் நேரடியாக ஓட்டும் ஸ்கிரிப்டுக்கு இந்த மாற்றத்தைத் தானே சரிசெய்துவிடும். அந்த ஸ்கிரிப்ட், விண்டோஸுடன் பகிர்ந்த கோப்புறையிலிருந்து இன்னொரு ஸ்கிரிப்டைக் கூப்பிட்டால் அதற்கு இந்தச் சலுகை இல்லை. அதனால்தான் சின்னத் திட்டங்களில் ஓடியது பெரிய திட்டங்களில் உடைகிறது. களஞ்சியத்தில் 'கிட்ஆட்ரிபியூட்ஸ்' கோப்பு ஒன்றை வைத்து, ஷெல் ஸ்கிரிப்டுகளுக்கு லினக்ஸ் வரி முடிவுதான் என்று எழுதிவிட்டால் குழு முழுவதற்கும் தீர்வு.

கிளவுட்-இனிட் கோப்பு இன்னும் விஷமம். 'யூசர்-டேட்டா', 'மெட்டா-டேட்டா' என்ற இரண்டு கோப்புகளை 'சிஐடேட்டா' என்று பெயரிட்ட ஐஎஸ்ஓ வட்டில் வைத்து இயந்திரத்தோடு இணைக்க வேண்டும். யூசர்-டேட்டாவின் முதல் வரி '#கிளவுட்-கான்ஃபிக்' என்பதாகவே இருக்க வேண்டும். விண்டோஸ் பவர்ஷெல் 5.1இல் '>' குறியால் இந்தக் கோப்பை எழுதினால் அது யுடிஎஃப்-16 வடிவில் சேமிக்கப்படுகிறது. திரையில் பார்த்தால் முதல் வரி சரியாகவே தெரியும். கிளவுட்-இனிட்டுக்கு அது வேறு ஏதோ பைட்டுகள். நோட்பேடில் எழுதினாலோ கோப்பின் பெயருக்குப் பின்னால் '.டிஎக்ஸ்டி' ஒட்டிக்கொள்ளும், எக்ஸ்ப்ளோரர் அந்த வாலை மறைத்தே காட்டும். இரண்டிலுமே பிழைச் செய்தி வராது. இயந்திரம் எழும், உள்நுழைவு வரி தெரியும், ஆனால் எழுதிக் கொடுத்த பயனரும் இல்லை, சாவியும் இல்லை, கடவுச்சொல்லும் இல்லை. உள்ளே போக வழியில்லாததால் லாகைப் பார்க்கவும் முடியாது.

அனுமதிகள் அடுத்தது. பகிர்ந்த கோப்புறையில் விண்டோஸ் கோப்புகள் எல்லோரும் எழுதக்கூடியவையாக லினக்ஸுக்குத் தெரிவது வழக்கம். இயந்திரங்களை அமைத்துத் தரும் அன்சிபிள் கருவி, எல்லோரும் எழுதக்கூடிய கோப்புறையில் இருக்கும் தன் அமைப்புக் கோப்பைப் பாதுகாப்பு கருதி ஒதுக்கிவிடும். ஒரு எச்சரிக்கை வரியோடு அது கடந்துபோவதால், ப்ளேபுக் வேறு அமைப்புகளோடு ஓடி வேறெங்கோ தோற்கும். விண்டோஸில் அன்சிபிளை நேரடியாக ஓட்ட முடியாததால் அதை விருந்தினர் இயந்திரத்துக்குள்ளேயே ஓட்டுபவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது சந்திப்பது இது. குறியீட்டு இணைப்புகளும் அப்படியே: விண்டோஸில் அவற்றை உருவாக்கத் தனி உரிமை வேண்டும் என்பதால், பகிர்ந்த கோப்புறைக்குள் 'என்பிஎம் இன்ஸ்டால்' பாதியில் விழுந்துவிடும்.

தமிழ் வாசகர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. விண்டோஸ் கணக்கைத் தமிழில் பெயரிட்டு உருவாக்கினால், பயனரின் கோப்புறைப் பெயரும் தமிழிலேயே அமையக்கூடும். வேக்ரன்ட் தன் படிமங்களையும் சாவிகளையும் அங்கேதான் வைக்கிறது. ரூபியில் எழுதப்பட்ட வேக்ரன்ட்டிலும் அதன் செருகுநிரல்களிலும், ஆஸ்கி அல்லாத எழுத்துகள் கொண்ட பாதைகள் குறியாக்கப் பிழைகளைக் கிளப்பியிருக்கின்றன. சூழல் மாறி மூலம் வேக்ரன்ட்டின் இருப்பிடத்தை வேறு டிரைவில், சுருக்கமான ஆங்கிலப் பெயருள்ள கோப்புறைக்கு மாற்றினால் போதும்.

முதுமையடைந்த படிமங்கள், இரட்டைப் பிள்ளைகள்

நேற்றுவரை ஓடிய ஸ்கிரிப்ட், யாரும் தொடாமலே இன்று ஓடாமல் போவதுண்டு. சென்ட்ஓஎஸ் 7இன் ஆயுள் 2024 ஜூன் 30இல் முடிந்தது. அதன் மென்பொருள் பட்டியலைத் தந்துகொண்டிருந்த முகவரியும் அதோடு நின்றது. 'யம்' கட்டளை, அந்தப் பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொன்னதால் பலர் டிஎன்எஸ் அமைப்பையும் விபிஎன்னையும் குடைந்தார்கள். டிஎன்எஸ்ஸில் குறையில்லை, பெயர்தான் இல்லாமல் போயிருந்தது. பழைய தொகுப்புகளைக் காப்பகத் தளத்திலிருந்து எடுக்கும்படி மாற்றினால் ஓடியது. 2023இல் ஹாஷிகார்ப் தன் உரிமத்தை மாற்றியதன் தொடர்ச்சியாக, 24.04 முதல் உபுண்டுவின் அதிகாரபூர்வ வேக்ரன்ட் படிமங்கள் வருவதில்லை. பெயரின் வாலில் எண்ணை மட்டும் மாற்றிப் பழகியவர்களுக்குப் படிமம் கிடைக்கவில்லை என்ற பதில்தான் கிடைத்தது. பென்டோ திட்டத்தின் படிமங்களுக்கு அவர்கள் மாற வேண்டியிருந்தது.

டிஎன்எஸ்ஸே உண்மையில் கெடும் நேரமும் உண்டு. அலுவலக விபிஎன் இணைந்ததும் ஹோஸ்டின் டிஎன்எஸ் மாறும்; ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரம் பழைய முகவரியையே கேட்டுக்கொண்டிருக்கும். பாதுகாப்பான இணைப்புகளைத் திறந்து பார்க்கும் ப்ராக்ஸி உள்ள அலுவலகங்களில், உலாவியில் இறங்கும் படிமம் வேக்ரன்ட்டில் இறங்காது. உலாவி விண்டோஸின் சான்றிதழ்க் கிடங்கை நம்புகிறது, வேக்ரன்ட் தன்னுடன் கொண்டுவரும் பட்டியலை நம்புகிறது.

ஒரு படிமத்திலிருந்து பல இயந்திரங்களைப் பிரதியெடுப்பவர்களுக்கு வேறு தொல்லை. மூன்று இயந்திரங்களும் ஓடும், மூன்றுக்கும் ஒரே ஐபி முகவரி. மேக் முகவரிகள் வெவ்வேறாக இருந்தும் இது நடக்கும். அண்மைக்கால உபுண்டு, டிஹெச்சிபியிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள 'மெஷின்-ஐடி' கோப்பிலிருந்து பெறும் அடையாளத்தைப் பயன்படுத்துகிறது. படிமத்தைத் தயாரித்து முடிக்கும்போது அந்தக் கோப்பை வெறுமையாக்க வேண்டும். கிளவுட்-இனிட்டும் மெட்டா-டேட்டாவில் உள்ள இன்ஸ்டன்ஸ் எண் மாறாவிட்டால் 'இந்த இயந்திரத்துக்கு வேலை முடிந்தது' என்று நினைத்துச் சும்மா இருந்துவிடும்.

தேடும் முறை

கோளாறுகள் இத்தனை வகைப்பட்டாலும் தேடும் முறை சிக்கலானதல்ல. முதல் வேலை, தானியக்கம் மறைத்த திரையைத் திறப்பது. வேக்ரன்ட்ஃபைலில் ஜன்னலைக் காட்டும்படி ஒரு வரி சேர்க்கலாம். அல்லது வர்ச்சுவல்பாக்ஸ் மேனேஜரில் ஓடும் இயந்திரத்தைச் சொடுக்கிப் பார்க்கலாம். உள்நுழைவு வரி தெரிந்தால் பிராசசரும் கர்னலும் குற்றமற்றவை. நெட்வொர்க்கையும் சாவியையும் பார்த்தால் போதும். கறுப்புத் திரையில் கர்சர் மட்டும் மினுக்கினால் எஸ்எஸ்எச் பக்கம் போகவே வேண்டாம்.

அடுத்து, வேறொரு வெற்றுக் கோப்புறையில் நன்கு அறிந்த படிமம் ஒன்றோடு மிகச் சிறிய வேக்ரன்ட்ஃபைலை ஓட்டிப் பார்ப்பது. அது எழுந்தால் கணினி நலம், கோளாறு திட்டத்தில் இருக்கிறது. அதுவும் எழாவிட்டால் திட்டத்தின் கோப்புகளைப் புரட்டுவது வீண்.

மூன்றாவது, லாகைப் படிப்பது. வேக்ரன்ட்டை டீபக் நிலையில் ஓட்டினால் ஆயிரக்கணக்கான வரிகள் கொட்டும். அவற்றை ஒரு கோப்பில் சேமித்து, கடைசியாகத் தோற்ற விபாக்ஸ்மேனேஜ் கட்டளையைத் தேடி, அதையே கையால் ஓட்டிப் பார்த்தால் உண்மையான பிழைச் செய்தி கிடைக்கும். உள்ளே நுழைய முடிந்தால் கிளவுட்-இனிட்டின் நிலையைக் கேட்கும் கட்டளையும் அதன் வெளியீட்டு லாகும் மீதியைச் சொல்லும்.

மிச்சங்களைத் துடைப்பதும் முக்கியம். பாதியில் நின்ற முயற்சி, அதே பெயரில் ஒரு கோப்புறையை விட்டுவிட்டுப் போயிருக்கும். அடுத்த முயற்சி 'ஏற்கெனவே இருக்கிறது' என்று மறுக்கும். நிறுவல் ஸ்கிரிப்ட் நடுவில் தோற்ற பிறகு மறுபடி 'வேக்ரன்ட் அப்' கொடுத்தால், முன்பே அமைக்கப்பட்ட இயந்திரம் என்று கருதி ஸ்கிரிப்டை ஓட்டாமல் விட்டுவிடும். பாதி அமைந்த இயந்திரத்தை முழுதாக அமைந்ததென்று நம்பி ஏமாறுவது இப்படித்தான். அழித்துவிட்டு முதலிலிருந்து உருவாக்குவதே பாதுகாப்பு.

காத்திருக்கும் நேரத்தை 300லிருந்து 600 ஆக்குவது எல்லோரும் முதலில் செய்வது. பச்சை ஆமை தெரியும் கணினியில் அதற்குப் பலன் உண்டு. மற்ற இடங்களில் தோல்விச் செய்தி ஐந்து நிமிடம் தாமதமாக வரும், அவ்வளவுதான்.

மாற்று வழிகளும் எஞ்சும் தேவையும்

இத்தனை பாடு எதற்கு, டபிள்யூஎஸ்எல் 2 இருக்கிறதே என்று கேட்கலாம். 2020இல் விண்டோஸ் 10உடன் வந்த அது உண்மையான லினக்ஸ் கர்னலைச் சிறிய மெய்நிகர் இயந்திரம் ஒன்றில் ஓட்டுகிறது. 2022இல் சிஸ்டம்டி ஆதரவும் கிடைத்தது. 2025இல் மைக்ரோசாஃப்ட் அதன் மூலநிரலைத் திறந்துவிட்டது. ஒருவர் தன் கணினியில் லினக்ஸ் நிரல் எழுத இதுவே போதும். ஆனால் அடித்தளம் மாறவில்லை. பயாஸில் வசதி அணைந்திருந்தால் 80370102 என்று முடியும் பிழை எண்ணோடு டபிள்யூஎஸ்எல் 2வும் நிற்கும். வரி முடிவுச் சிக்கல் அங்கும் உண்டு. சி டிரைவில் உள்ள கோப்புகளை லினக்ஸ் பக்கத்திலிருந்து தொடும்போது வேகம் குறைவதும் உண்டு. கனோனிகலின் மல்டிபாஸ் கருவி கிளவுட்-இனிட் கோப்பை நேரடியாக ஏற்கிறது. அடியில் அதுவும் ஹைப்பர்-வியையோ வர்ச்சுவல்பாக்ஸையோதான் நம்பியிருக்கிறது.

டபிள்யூஎஸ்எல் 2வில் எத்தனை லினக்ஸ் நிறுவினாலும் எல்லாம் ஒரே கர்னலையும் ஒரே நெட்வொர்க்கையும் பகிர்ந்துகொள்கின்றன. மூன்று முனைகள் கொண்ட குபர்னெட்டிஸ் தொகுதியை ஒத்திகை பார்ப்பதற்கும், ஒரு தரவுத்தள சர்வரை அணைத்து மற்றது பொறுப்பேற்கிறதா என்று சோதிப்பதற்கும், கர்னல் மாட்யூல் ஒன்றைப் பயமின்றி ஏற்றிப் பார்ப்பதற்கும் தனித்தனி இயந்திரங்கள் தேவை. வேக்ரன்ட்ஃபைல்கள் அந்த இடங்களில் நீடிக்கின்றன.

அவற்றைத் தொடர்ந்து பயன்படுத்தும் குழுக்கள் சில ஏற்பாடுகளைச் செய்துகொள்கின்றன. மென்பொருள்களை முன்கூட்டியே ஏற்றிய படிமத்தைப் பேக்கரால் தயாரித்து வைத்தால், உருவாக்கும் நேரத்தில் இணையத்தை நம்ப வேண்டியது குறைகிறது. வேக்ரன்ட்டின் பதிப்பையும் படிமத்தின் பதிப்பையும் வேக்ரன்ட்ஃபைலிலேயே குறித்துவிட்டால் ஆளுக்கொரு பதிப்பு ஓடாது. இயந்திரத்தைக் கிளப்புவதற்கு முன்னால் சின்ன பவர்ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்று ஃபர்ம்வேரின் மெய்நிகராக்கம், ஹைப்பர்வைசரின் இருப்பு, விலக்கப்பட்ட போர்ட்டுகள், வர்ச்சுவல்பாக்ஸின் பதிப்பு ஆகிய நான்கையும் பார்த்துச் சொல்லிவிடலாம். விண்டோஸின் கணினித் தகவல் கட்டளையே முதல் இரண்டுக்கும் பதில் தருகிறது.

பதிப்பைக் குறித்து வைப்பதில் ஒரு விலையும் இருக்கிறது. இன்று உறுதியாக நிற்கும் படிமம் நாளை சென்ட்ஓஎஸ் 7இன் இடத்துக்கு வரும். உபுண்டு 22.04க்கு வழக்கமான பராமரிப்பு 2027இல் முடிகிறது. அந்தப் படிமத்தில் பூட்டி வைத்த வேக்ரன்ட்ஃபைல்களை 24.04க்கு மாற்றுபவர்கள் படிமத்தின் பெயரிலிருந்தே தொடங்க வேண்டும், 22.04இன் அதிகாரபூர்வப் படிமத்தின் பெயரில் எண்ணைத் திருத்தினால் எதுவும் இறங்காது.